கசெற்றின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில்

2020 பங்குனி 20ஆம் திகதி பின்னேரம் 6 மணிக்கு கொரோனாவுக்காக இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டபோது, எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸ் அச்சடித்து வந்து என் கடை மேசையில் கட்டாகக் கிடந்தது. ஏழாம் திருவிழா எங்கள் பகுதியின் உபயம். அன்றைய இரவு மேளச் சமாவுக்கு நாலு நாதஸ்வரம், ஆறு தவில் என்று பேசி முடித்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் இரவு உள்ளே பூசை மட்டும். என் வீடு கோயிலுக்குக் கூப்பிடு தூரம். முற்றத்தில் இருந்தால் மணியும், மேளத்துக்குப் பதிலாக மின்சாரத்தில் அடிக்கும் அந்தப் பெட்டியின் சத்தமும் கேட்டன. பத்து நிமிடத்தில் அதுவும் நின்றது.

அந்த நேரத்தில்தான் என் மகன் கேட்டான்: "அப்பா, நீங்கள் கேட்டதிலேயே திறமான மேளச் சமா எது?"

யோசிக்கத் தேவையில்லை. 2003 சித்திரையில் இதே கோயில் வீதியில் நடந்தது. போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துப் பாதை திறந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கலைஞர்கள் ஒரு வானில் முகமாலைச் சோதனைச் சாவடி தாண்டி வந்து இறங்கினார்கள். அவ்வளவும் மளமளவென்று சொல்லிவிட்டேன். "என்ன வாசிச்சவை?" என்று அடுத்த கேள்வி வந்தது. தோடி வாசித்தார்கள், இடையில் ஜெனரேட்டர் நின்று இருட்டில் கனநேரம் வாசித்தார்கள், விடியும்வரை இருந்தோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினேழு வருசமாக எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லி வந்த கச்சேரி, மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

இதை எழுதும் 2021 ஆவணியில் திரும்பவும் முடக்கம். நடுவில் வைகாசியிலும் முல்லைத்தீவில் எங்கள் முள்ளியவளைப் பக்கம் முடங்கித்தான் கிடந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் அந்தக் கிழமை, இரவிரவாகச் சனம் நடக்கும் தெருவில் சைக்கிள் மணிகூட இல்லை. இந்தக் காலத்துக்குள் அந்த ஓர் இரவை நானும் வீட்டாரும் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பி எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்று எழுதி வைத்தால், தங்கள் ஊர்க் கச்சேரியை நினைத்துக்கொண்டிருக்கிற இன்னொருவருக்கு உதவும்.

முதலில் நான் செய்த பிழை, "என்ன பாட்டு" என்று தொடங்கியது. சங்கீதம் படித்தவர்களுக்கு அது வரலாம். எங்களைப் போல மணலில் இருந்து கேட்டவர்களுக்கு இராகத்தின் பெயர் வராது. மனைவிதான் வேறு வழியால் போனாள். "நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்." தேர்முட்டிக்கு இடப்பக்கம், கச்சான் கடைக்குப் பக்கத்தில், உழவு மெசின் பெட்டியிலிருந்து இழுத்து வந்த படங்கை விரித்து. அதைச் சொன்ன உடனே பக்கத்தில் யார், பின்னால் யார், எந்தப் பக்கம் காற்று வீசியது என்று வந்தது. கச்சான் வறுக்கிற மணலின் சூட்டு மணம் வந்தது. அதற்குப் பின்னால்தான் ஓசை வந்தது: இடப்பக்கம் இருந்தபடியால் எங்களுக்குக் கிட்ட இருந்தது தவில்காரர்களின் கம்படிக்கிற பக்கம். விரலில் கூடு போட்டு வாசிக்கிற வலந்தலை அங்காலே. ஆகவே எனக்கு அந்தக் கச்சேரி முழுக்க 'தொம்' என்ற அடித் தொனியாகவே நினைவில் இருந்திருக்கிறது. அதுவரை எனக்கே அது தெரியாது.

ஆகவே இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். இன்னொன்று, எல்லோரையும் ஒன்றாக இருத்தி வைத்துக் கேட்காதீர்கள். நாங்கள் முதல் நாள் அப்படிச் செய்தோம். மூத்தவர் ஒருவர் சொன்னதை எல்லோரும் ஆமோதித்தார்கள், அத்தோடு மற்றவர்களின் நினைவு வாயை மூடிக்கொண்டது. பிறகு நான் ஒரு சீ.ஆர். கொப்பி (பெரிய மட்டைக் கொப்பி) எடுத்து, ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கேட்டு எழுதினேன். வவுனியாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், கனடாவில் இருக்கிற மச்சாள், அன்றைக்கு ஒலிபெருக்கி பூட்டிய தம்பி. யார் சொன்னதையும் இடையில் திருத்தவில்லை. பொருந்தாத இடங்களில் கேள்விக்குறி மட்டும் போட்டேன். அந்தக் கேள்விக்குறிகள்தான் பிறகு உதவின.

அந்தக் கொப்பியில் என் அப்பாவுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன், அவர் இல்லாவிட்டாலும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர் அவர். தமிழ்நாட்டிலும் போய் வாசித்துப் பேரெடுத்த மேதை தட்சிணாமூர்த்தி, 1975இல் 42 வயதும் நிரம்பாமல் போய்விட்டார். எனக்கு அப்போது நாலு வயது. நான் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் அப்பா பஸ் பிடித்துப் போனதும், தவறணையடியில் இறங்கி நடந்ததும், தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தொடங்கியதும் ஐஸ்பழக்காரன் மணியடிப்பதை நிறுத்தியதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கின்றன. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு அது என் நினைவாகவே ஆகிவிட்டது. நீங்கள் போகாத கச்சேரியையும் எழுதி வையுங்கள். அது சொன்னவரோடு போய்விடக்கூடாது.

இனிக் கசெற்றுக்கு வருகிறேன். நான் ரேடியோ, ரி.வி. திருத்துகிறவன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்து பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்க வைத்த தலைமுறை. 2003இல் பற்றரி தாராளமாக வந்துவிட்ட சந்தோசத்தில், ஆறு பெரிய பற்றரி போட்டு என் ரேடியோ கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சமாவைப் பதிந்தேன். ஒரு 90 நிமிடக் கசெற், பக்கத்துக்கு 45 நிமிடம். நான் பதிந்த மற்றக் கசெற்றுகள் நூறுக்கு மேல். அவை எல்லாம் 2009இல் போரில் இடம்பெயர்ந்த வழியில் போயின. எந்த இடத்தில் அந்தப் பெட்டியை இறக்கி வைத்தேன் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஒன்று மட்டும் 2005இல் பெரியம்மாவின் மகன் இரவல் வாங்கி வவுனியாவுக்குக் கொண்டுபோனதால் தப்பியது. கொப்பிக்காக அவனுக்குப் போன் எடுத்தபோதுதான் "அண்ணை, அது என்னட்ட எல்லோ கிடக்குது" என்றான். முடக்கம் நீங்கிப் பாதை திறந்ததும் மரக்கறி லொறியில் அனுப்பி வைத்தான்.

கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பக்கத்தால் தெரிந்த நாடாவின் விளிம்பில் மா தூவினாற்போல வெள்ளை. பூஞ்சணம். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், ஆசைப்பட்டு உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டும், அதற்குப் பிறகு போடுகிற ஒவ்வொரு கசெற்றுக்கும் பரவும், நாடா சிக்கி அறுந்தாலும் அறும். நான் செய்தது இது. மூலைகளிலும் நடுவிலுமாக இருந்த ஐந்து புரியாணிகளையும் (திருகாணிகளையும்) கழற்றி, கூட்டைத் திறந்து, இரண்டு சுருளையும் அசையாமல் தூக்கி, நல்ல நிலையில் இருந்த இன்னொரு கசெற்றின் கூட்டுக்குள் வைத்தேன். புரியாணி இல்லாமல் ஒட்டி வருகிற கூடாக இருந்தால் பிளேட்டால் மெதுவாக விளிம்பை வெட்டித்தான் திறக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று கூட்டுக்குள் இருக்கிறது. பழைய கூட்டில் அது கழன்று விழுந்திருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் போய்ப் போய் வரும், நாங்கள் நாடா பழுது என்று நினைத்து எறிந்துவிடுவோம். பிறகு மெல்லிய பருத்தித் துணியை நாடாவில் லேசாகப் பிடித்தபடி, பேனையைப் பல்லுச் சக்கரத்தில் கொழுவிக் கையால் ஒரு முறை முழுக்கச் சுற்றினேன். முகத்தில் மாஸ்க் அந்தக் காலத்தில் எப்படியும் இருந்தது, இந்த வேலைக்கும் அது வேண்டும், பூஞ்சணத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. ஹெட்டைத் துடைக்கச் சுத்தமான அல்ககோல் பாவியுங்கள். வீட்டில் நிறையச் சனிரைசர் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் கிளிசரின் கலந்திருப்பதால் ஹெட்டில் படலம் பிடிக்கும்.

போட்டதும் சத்தம் கம்பளிக்குள்ளால் வருகிறாற்போல மந்தமாக இருந்தது. ஹெட்டின் பக்கத்தில் சாய்வைச் சரிபண்ணுகிற சின்னப் புரியாணி ஒன்று உண்டு. பதிந்த மெசினின் சாய்வும் கேட்கிற மெசினின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் மேல் ஒலி எல்லாம் மறைந்துவிடும். எனக்கு அளவுகோலாக இருந்தது தாளம். தாளக்காரரின் 'டிங்' எங்கே கூர்மையாக, தனியாகத் தெறித்து வருகிறதோ அந்த இடம்தான் சரி. தலைமயிர் அளவு திருப்பினேன், வந்தது. இன்னும் கொஞ்சம், போய்விட்டது. திரும்பக் கொண்டு வந்தேன். பதினேழு வருசத்துக்குப் பின் அந்தத் 'டிங்' என் கடைக்குள் தெறித்தபோது கையை எடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

மிச்சம் எல்லாம் மகனின் வேலை. கசெற்றின் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்பியூட்டருக்கு ஒரு வயர், ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள். நாங்கள் தெரிந்துகொண்ட ஒரு விசயம், தொடக்கத்தை வைத்துச் சத்த அளவைத் தீர்மானிக்கக்கூடாது. ஆறு தவிலும் சேர்ந்து தீர்மானம் (முடிக்கிற அடி) வைக்கிற இடத்தைத் தேடிப் போட்டு, அந்த இடத்தில் சிவப்பு தொடாதபடி வைத்துக்கொண்டு, பிறகு முதலிலிருந்து ஓடவிட வேண்டும். சுருக்காத கோப்பாக வைத்தால் நிமிடத்துக்கு 10 எம்.பி. அளவு பிடிக்கும், முழுக் கசெற்றும் 900 எம்.பி. பக்கம். அதை அப்படியே இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அனுப்பத்தான் எம்.பி.3. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியூமென்ற் என்று அனுப்பினோம், முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றிரவு கடையில் கேட்கவில்லை. கோயிலில் சமா தொடங்குகிற நேரத்துக்கு, 11 மணிபோல, முற்றத்தில் படங்கை விரித்து, லைற்றை அணைத்துவிட்டு, எல்லோரும் இருந்து கேட்டோம். வேலை செய்துகொண்டு கேட்டால் இது வெறும் இரைச்சல். மணலில் இருந்து கேட்டதை மணலில் இருந்துதான் கேட்க வேண்டும்.

கொப்பி மடியில் இருந்தது. முதலில் தோடி என்று நானும் இன்னும் மூன்று பேரும் அடித்துச் சொல்லியிருந்தோம். கசெற்றில் கம்பீரநாட்டைதான் முதலில் வந்தது. தோடி எவ்வளவோ பிந்தி. எங்கள் மனசு பிடித்ததை முன்னால் இழுத்து வைத்துவிட்டது. நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு குரல், "தெற்கு வாசலுக்கு முன்னால லாண்ட்மாஸ்ரரை விட்டவர் உடனே வந்து எடுக்கவும்." ஒருவருக்கும் இது நினைவில் இல்லை. சுருதிக்காரர் மாறியது, ஒரு பிள்ளை நித்திரைக்கு அழுதது, யாரோ "கச்சான்… கச்சான்" என்று கிட்ட வந்து தூரப் போனது, எதுவும் நினைவில் இல்லை. தோடியை வாசித்தவர் நீண்ட மூச்சில் ஒரு சுரத்தில் நின்றபோது எங்கள் படங்கிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அது யாருடையது என்று நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம்.

பிறகு தனி. இரண்டு தவில் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகப் போகும்போது ஜெனரேட்டர் விக்கி நின்றது. ஒலிபெருக்கிச் சத்தம் பட்டென்று விழுந்து, தவிலின் தோல் சத்தம் மட்டும் தூரத்தில் மிஞ்சியது. என் மெசின் பற்றரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை. யாரும் கூவவில்லை. கை தட்டவில்லை. அவ்வளவு சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாய் குரைத்தது, அதுவும் அடங்கியது. தாளம் மட்டும் விடாமல் நடந்துகொண்டிருந்தது. மகன் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 6 நிமிடம் 20 செக்கனில் 'டக்' என்று ஒரு சத்தம், கசெற்றின் முதல் பக்கம் முடிந்துவிட்டது. நான் இருட்டில் கசெற்றைக் கழற்றி, மணலில் விழவிட்டு, சாரத்தில் துடைத்துத் திருப்பிப் போட்டேன். மறுபக்கம் தொடங்கும்போது லைற் வந்து சனம் ஆரவாரம் செய்கிறது.

அந்த இருட்டு எப்படி முடிந்தது என்பது கசெற்றில் இல்லை. கொப்பியில் அந்த இடத்தில்தான் கேள்விக்குறிகள் அதிகம். ஒருவர் தவில் நின்று நாதஸ்வரம் எடுத்தது என்கிறார், இன்னொருவர் ஆறு தவிலும் சேர்ந்தன என்கிறார்.

ஒலிபெருக்கிக்காரத் தம்பி மூலம் அன்றைக்குத் தவில் வாசித்தவர்களில் ஒருவரின் நம்பர் கிடைத்தது. தயங்கித்தான் எடுத்தேன். கோயிலின் பெயரைச் சொன்னதும், "லைற் நிண்ட கோயிலோ அண்ணை?" என்றார். "எங்களுக்கு ஒருத்தற்ரை முகமும் தெரியேல்ல. பக்கத்து ஆளின்ரை மூச்சை வைச்சுத்தான் வாசிச்சனாங்கள். அப்பிடி ஒரு நாள் பிறகு வரேல்ல." நாங்கள் முன்னால் இருந்து கேட்டதை அவர் அந்தப் பக்கத்திலிருந்து வைத்திருந்திருக்கிறார். இத்தனை வருசமும் ஒரு கலைஞரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் தயங்காமல் எடுங்கள். அவர்களுக்கும் கேட்க ஆள் இல்லாமல் இருக்கிறது.

"இப்ப எப்பிடி தம்பி?" என்று கேட்டேன். வெங்காயத் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போவதாகச் சொன்னார். பங்குனியிலிருந்து ஆவணி வரை நாள் தவறாமல் திருவிழா இருக்கிற தொழில். அந்த மாதங்களின் உழைப்பில்தான் மாரி காலம் போகும். கலியாணமும் ஆள் குறைத்து நடந்தால் மேளத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். "மண் கிண்டுற விரலுக்குப் பிறகு கூடு சரியா இருக்குதில்லை அண்ணை" என்றார். நாதஸ்வரக்காரர் ஊதுகிற நாணல் சீவாளியும் வாயில் வைக்காமல் காயவிட்டால் கட்டையாகிவிடுமாம். ஆகவே ஒரு நாளும் விடாமல் வீட்டில் வாசிக்கிறார்களாம், கேட்க ஆள் இல்லாமல்.

இதை உபயகாரர் கூட்டத்தில், கூட்டம் என்றால் வாட்ஸ்அப்பில்தான், சொன்னேன். நிவாரணப் பொதி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன். வித்துவானுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்து அனுப்புகிறதில்லை. கோயில் திறந்து நடக்கிற முதல் ஏழாம் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தபோது பேசியிருந்த அதே பத்துப் பேரையும் பேசி, சம்பளத்தில் பாதியை இப்போதே அச்சாரமாகக் கொடுப்பது என்று முடிவாகியது. திகதி போடாத அச்சாரம். அவர்கள் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள், வெற்றிலை வைத்துத்தான் கொடுக்க முடியவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவவுக்கு மேளத்தை விடக் கூத்துத்தான். காத்தவராயன் கூத்தை இளமையில் எத்தனையோ களரியில் பார்த்தவ, விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறுகிற இடம்வரை பாட்டு முழுக்கத் தெரியும் என்று பேர். போனை முன்னால் வைத்து "பாடுங்கோ அம்மா" என்றேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை, கண் கலங்கிவிட்டா. மறந்துபோனா என்றே நினைத்துவிட்டோம். பத்துநாள் கழித்து, திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு சுளகில் அரிசி புடைக்கிறபோது, அந்த ஆட்டத்துக்குத் தானாகச் சிந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. அதற்குப் பிறகு மகன் போனை 'விமானப் பயன்முறை'யில் போட்டுத் திண்ணைத் தூணில் கட்டி வைத்துவிடுவான், அரிசி புடைக்கப் போகும் நேரம் தெரியும். பதிவின் தொடக்கத்தில் திகதியையும் இடத்தையும் தன் குரலில் சொல்லிவிடுவான். இப்போது 19 கோப்பு இருக்கிறது, எல்லாவற்றிலும் சுளகுச் சத்தம். அதை வடிகட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் முதலே கேட்டு, அவ சம்மதித்த பிறகுதான் கட்டினோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கசெற்றின் பிரதி ஒன்றைத் தவில்காரத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணை, கசெற் முடியிற இடத்தில நான் தான் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். பேந்து நடந்தது இதுதான்." முதலில் வாயால் சொல்லைச் சொன்னார், தத்தீம் தொம் நம் என்று மெதுவாக, யார் எந்தச் சொல்லை எடுத்தது என்று இடையிடையே சொல்லிக்கொண்டு. பிறகு தவிலை எடுத்து வாசித்தார். தோல் கொஞ்சம் இளகியிருந்தது கேட்டது. கடைசித் தீர்மானத்தை மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்துத் தனியாகவே வைத்தார். 2 நிமிடம் 40 செக்கன்.

மகன் அதைக் கசெற்றின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒட்டிவிடட்டோ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தனிக் கோப்பாக, வாசித்தவரின் பெயரும் திகதியும் போட்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற இலக்கத்தில் வைத்திருக்கிறோம். கேட்கும்போது முதல் பக்கம் 'டக்' என்று முடிந்ததும், அதைப் போட்டுவிட்டு, சனத்தின் ஆரவாரத்துக்குப் போகிறோம்.